கூதிர்க் காலத்து மனையகம்

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்துக்கொண்ட பழந்தமிழர் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் எனப் பெயரிட்டு வழங்கினர். அதற்கு முன்னைய ஆவணியும் புரட்டாதியும் கார்காலம். பின்னைய மார்கழியும் தையும் முன்பனிக் காலம். கார்காலத்து மழை இடியும் மின்னலுமாக வந்து பெய்து ஓய்வதாகப் புலவர்கள் பாடுவர். கூதிர்க் காலத்து மழையோ ஓயாத மழை. வானம் வெளிறாது, கதிரவன் முகம் தோன்றாது, நாட்கணக்காகத் துவலை தூவிக்கொண்டேயிருக்கும். அதனோடு வடதிசையிலிருந்து காற்றும் வீசும். அக்காற்றே வாடை எனப்படுவது. தமிழ்நாட்டுச் சமவெளியிலே நீர் உறைந்து கட்டியாகும் குளிர் இல்லை. ஆயினும் உடுத்த துணி உலராதிருக்க, தரையும் சுவரும் ஈரம் கசிந்திருக்க, அந்நிலையிலே வீசுகின்ற வாடை உடம்பினுள்ளே புகுந்து நடுக்கவல்லது.

இத்தகைய நாட்களிலே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் மக்கள் வீட்டினுள் எங்ஙனம் வாழ்ந்தனர்? குளிரை எவ்வாறு போக்கினர்? எதனை இன்பமெனக் கொண்டனர்? அரசர்களின் போர்களையும் ஆட்சியாண்டுகளையும் கூறும் வரலாற்று நூல்கள் இவ்வினாக்களுக்கு விடை கூறுவதில்லை. மழைநாளின் மாலையிலே ஒரு வீட்டில் விளக்கு ஏற்றப்பட்ட செய்தி கல்வெட்டில் இடம்பெறும் செய்தியன்று. இதனை அறிதற்கு இலக்கியத்தையே நாட வேண்டும். அவ்வகையிலே தமிழருக்குக் கிடைத்துள்ள பெருஞ்சான்று பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடை.

நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது. அதனைப் பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர். பாட்டுடைத் தலைவன் தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. பாட்டினுள்ளே அரசன் பெயர் யாண்டும் கூறப்படவில்லை. ஆயினும் அவனுடைய படைத்தலைவன் ஏந்திய வேலின் தலையிலே வேப்பந்தழை கட்டப்பட்டிருந்ததாகப் புலவர் கூறிவிட்டார். வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பினாலே பாட்டுக்குரியவன் பாண்டியன் என்பது வெளிப்பட்டு விட்டமையின், பிரிவுத் துயரைக் கூறுவதாயினும் இப்பாட்டினை அகப்பொருள் நூலெனக் கொள்ளாது புறப்பொருளின்பாற் படுத்தனர் உரையாசிரியர். சங்கச் செய்யுட்களைக் கிறித்துவுக்குப் பிற்பட்ட முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சார்ந்தனவாகக் கொள்ளுதல் அறிஞர் பலருக்கும் உடன்பாடு. நச்சினார்க்கினியர் உரையோடு கூடிய பத்துப்பாட்டினை உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். இலங்கைத் தமிழருக்கும் இந்நூலோடு தொடர்புண்டு. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றிய ஜே. வி. செல்லையா பத்துப்பாட்டு முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1946ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

நக்கீரர் மனையகத்தைக் காட்டுதற்கு முன்னர் வெளியிலுள்ள குளிரைக் காட்டுகின்றார். அதுவும் ஏழை எளியவர் வாயிலாகவே காட்டுகின்றார். மழை வெள்ளம் பெருகவே, ஆயர்கள் தாம் பழகிய நிலத்தைவிட்டு ஆநிரைகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்கின்றனர். வாழ்ந்த இடத்தைப் பிரிந்த வருத்தம் ஒருபுறம். உடம்பிலே ஏறிய குளிர் ஒருபுறம். அவர்கள் சூடிய காந்தட் கண்ணி நனைந்து குலைந்துவிட்டது. பலரும் ஒன்றுகூடித் தீமூட்டிக் கைகளைக் காய்ச்சிக்கொள்கின்றனர். அவ்வாறு செய்தும் பற்கள் ஒன்றோடொன்று மோத, கன்னங்கள் நடுங்குகின்றன. இவர்களுக்குச் சுவரில்லை, கதவில்லை. கையிலுள்ள தீயும் அருகிலுள்ள தோழனுமே இவர்களுடைய மனையகம்.

விலங்குகளின் நிலையும் இதுவே. மாடுகள் மேய்ச்சலை மறந்தன. குரங்குகள் உடல் கூனி ஒடுங்கின. மரங்களில் தங்கிய பறவைகள் குளிர் தாங்காது நிலத்தில் வீழ்ந்தன. கறவைப் பசு, பாலுண்ண வந்த தன் கன்றையே உதைத்துத் தள்ளியது. தாயன்பையும் மறக்கச் செய்த குளிர் என்பது கருத்து. மலையே குளிர்கின்றது போன்ற நள்ளிரவு என இப்பகுதியை முடிக்கின்றார் புலவர். அதேவேளையில் இந்த மழையினால் விளையும் வளத்தையும் அவர் மறந்தாரல்லர். முசுண்டைக் கொடி வெண்மையாகவும் பீர்க்கு பொன்போன்றும் பூத்தன. வயல்களில் நெற்கதிர்கள் தலைசாய்த்தன. கமுகின் குலைகள் பருத்து முற்றின. ஈர மணலிலே கொக்கும் நாரையும் மீன் கவர்ந்து உண்டன. உழவனுக்கு உணவளிக்கும் மழையும் ஆயனை ஊர்விட்டு ஓட்டும் மழையும் ஒன்றே என்பதை இப்பகுதியிலே காண்கின்றோம்.

பின்னர் நகரம் வருகின்றது. மாடங்கள் உயர்ந்த மூதூர்; ஆறு கிடந்தாற் போன்ற அகன்ற தெரு. அத்தெருவிலே உடல்வலி மிக்க சிலர் மட்டும், கள்ளுண்ட களிப்பினால், தூவும் துளியைப் பொருட்படுத்தாது, தோளில் இட்ட துணியின் இரு முனைகளும் தொங்கத் திரிகின்றனர். மற்றையோர் வீட்டினுள்ளே புகுந்துவிட்டனர். வானம் நாள்முழுதும் இருண்டு கிடத்தலின், மாலை எப்பொழுது வந்ததென அறிதல் அரிதாயிற்று. மகளிர் அதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தனர். பிச்சியின் முதிர்ந்த அரும்புகளைப் பூந்தட்டிலே இட்டு வைத்தனர். அவை இதழ் விரிந்து மணம் பரப்பியதும் மாலை வந்துற்றது என உணர்ந்தனர். நாழிகை வட்டில் செய்யும் தொழிலை ஒரு பூ செய்தது. உடனே இரும்பினாற் செய்த விளக்கிலே எண்ணெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுதனர். நெல்லும் மலரும் தூவி விளக்கு வழிபடும் இவ்வழக்கம், விளக்கீடு தமிழர் வாழ்விலே எத்துணைத் தொன்மையானது என்பதைக் காட்டுகின்றது.

வீட்டில் வாழும் புறாக்களையும் புலவர் விட்டுவிடவில்லை. வழக்கமாகப் பெடையோடு தெருவிற் சென்று இரைதேடும் அவை, இரவோ பகலோ என அறியாது மயங்கி, வெளியே செல்லாது, மாடத்துப் பலகையின்மேல் நின்று கால்மாற்றிக் கொண்டிருந்தன. மழைநாளில் வீட்டினுள் அடைபட்ட எவ்வுயிர்க்கும் உண்டாகும் செயலற்ற நிலையை இதனிலும் நுட்பமாகக் கூறுதல் இயலாது.

இனி, செல்வர் மனையினுள்ளே நிகழ்ந்த மாற்றங்களை நோக்குவோம். ஒரு பருவத்தின் இயல்பை அறிதற்கு அப்பருவத்தில் மக்கள் பயன்படுத்திய பொருள்களை மட்டுமன்றி, பயன்படுத்தாது ஒதுக்கிய பொருள்களையும் காணல் வேண்டும். நக்கீரர் இவ்விரண்டையும் வரிசைப்படுத்துகின்றார். வேனிற் காலத்திலே உடம்பு குளிரச் சந்தனம் அரைத்த வட்டக்கல் இப்பொழுது வாளா கிடக்கின்றது. அக்கல் வடநாட்டார் தந்தது. சந்தனம் தென்திசை மலையினது. இரண்டுக்கும் இப்பொழுது வேலையில்லை. அவற்றுக்கு மாறாக, கொள்ளின் நிறம் போன்ற கல்லிலே ஏவலாளர் கத்தூரி முதலிய வெம்மை தரும் கூட்டுப் பொருள்களை அரைக்கின்றனர். மகளிர் கூந்தல் நிறையப் பூச் சூடுவதை விடுத்துச் சிலவற்றையே முடிக்கின்றனர். கைத்தொழில் வல்லவன் அழகுறச் செய்த விசிறி முளையிலே தொங்க, அதன்மேல் சிலந்தி வலை பின்னியுள்ளது. மேல்மாடத்திலே தென்றல் வருதற்கென அமைத்த சாளரங்கள் திறக்கப்படவில்லை, கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. குறுகிய வாயையுடைய பாத்திரத்துத் தண்ணீரை எவரும் அருந்துவதில்லை.

தண்ணீரை விடுத்தவர்கள் நாடியது தீயை. அகன்ற வாயையுடைய நெருப்புச் சட்டியைத் தடவு என்பர் பழந்தமிழர். அதிலே செந்நெருப்பை நிறைத்து, அனைவரும் அதன் வெம்மையைத் துய்த்தனர். நறுமணத் தகர விறகிலே தீ அமைத்து, வயிரம் பாய்ந்த கரிய அகிலோடு வெள்ளயிரையும் சேர்த்துப் புகைத்தனர். வெள்ளயிர் என்பதனைக் கண்டசருக்கரை எனக் கூறுவர் உரையாசிரியர். இப்புகை மணத்தின் பொருட்டு மட்டும் எழுப்பப்பட்டதன்று எனலாம். மழைக்காலத்து ஈரத்தினால் துணியிலும் கூந்தலிலும் பற்றும் புழுக்க நாற்றத்தை நீக்குதற்கும் அது உதவியிருக்கும்.

இந்த ஒரு நெருப்புச் சட்டியின் பின்னே பெரியதொரு வாணிக வரலாறு அடங்கியுள்ளது. அகில் மணம் இயல்பாக எல்லா மரத்திலும் அமைவதன்று. மரத்தினுள்ளே ஒருவகைப் பூஞ்சணம் பற்றும்போது, அதனை எதிர்க்க மரம் சுரக்கும் பிசின் ஊறிய பகுதியே கரிய நறுமணக் கட்டையாகின்றது. அசாமிலும் தென்கிழக்காசிய நாடுகளிலும் இம்மரம் மிகுதி. குடமலையிலும் அகில் கிடைத்ததாகச் சங்க நூல்கள் கூறும். இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே, அகிலும் துகிலும் சந்தனமும் கருப்பூரமும் மரக்கலங்களில் ஏற்றப்பட்டுக் கீழ்க்காற்றாகிய கொண்டலோடு வந்தன எனக் குறிப்பிடுகின்றார். மதுரையிலே ஒரு மாடத்தின் அறை மணம் பெறுதற்குக் கடல்கடந்த மரமும் பருவக்காற்றும் மாலுமியின் உழைப்பும் வேண்டியிருந்தன. அதே காதையில், கூதிர்க் காலத்திலே மாடத்தின் சிறிய சாளரங்கள் அடைக்கப்பட்டதும், முன்பனிக் காலம் வந்ததும் ஆடவரும் மகளிரும் முற்றத்துக்கு வந்து இளவெயிலை விரும்பி நுகர்ந்ததும் கூறப்பட்டுள்ளன.

குளிர் இசையையும் தாக்கியது. ஆடல் மகளிரின் யாழ் நரம்புகள் தண்மையினால் தம் இனிய குரலிலிருந்து திரிந்துவிட்டன. அவற்றைத் தம் மார்பின் வெம்மையிலே தடவிச் சூடேற்றிய பின்னரே பண்ணுக்கு ஏற்ப நிறுத்த முடிந்தது. ஈரமும் குளிரும் நரம்பின் முறுக்கை மாற்றும் என்பதை இசைவாணர் எக்காலத்தும் அறிவர். அதற்கு அவர் கண்ட பரிகாரம் மனித உடம்பின் இளஞ்சூடு.

இத்துணை வசதிகளுக்கும் அடிப்படை உறுதியான கட்டடம். அரண்மனை அமைத்த முறையையும் நெடுநல்வாடை கூறுகின்றது. இரண்டு கோல்களை நட்டு, கதிரவனின் நிழல் ஒருபக்கமும் சாயாத நண்பகலிலே திசையைக் குறித்து, நூலறிந்த தச்சர் கயிறிட்டு அளந்து மனை வகுத்தனர். மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் உள்ளது. ஆகவே கதிரவன் அங்கு நேர் உச்சியில் நிற்கும் நண்பகல் ஆண்டுக்கு இருமுறை, சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் வரும். உரையாசிரியர் சித்திரை மாதத்தைக் கூறியது வானநூலுக்கும் பொருந்துகின்றது. வெயில் மிகுந்த சித்திரையிலே கோலூன்றித் திசை கண்டு கட்டிய வீடு, ஐப்பசி வாடையிலே உள்ளிருப்போரைக் காத்தது.

மதுரைக்கு அண்மையில், வைகைக் கரையிலுள்ள கீழடியில் 2015ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வாய்வு செங்கற் கட்டடங்களையும் உறைகிணறுகளையும் கூரை ஓடுகளையும் வெளிப்படுத்தியது. அவ்வோடுகள் சிலவற்றிலே மழைநீர் வழிந்தோடுதற்காக விரலால் இழுத்த பள்ளங்கள் காணப்படுகின்றன. ஈர மண்ணிலே ஒரு தொழிலாளியின் விரல் பதிந்த அந்த வடு, மழையைத் தடுத்து மனையைக் காப்பதிலே அக்கால மக்கள் கொண்டிருந்த கருத்தைப் புலவர் சொல்லுக்கு நிகராக உணர்த்துகின்றது.

அரண்மனையின் உள்ளே செல்லச் செல்ல வெளியுலகின் ஒலி குறைகின்றது. புல்லுண்ட குதிரைகளின் கனைப்பும், மகரவாய் வழியாக நீர் வீழும் ஓசையும் தூரத்திலே கேட்கின்றன. ஒளி தருவது யவனர் செய்த பாவை விளக்கு. கையிலே அகலை ஏந்தி நிற்கும் அப்பாவையின் அகலில் நெய் வார்த்து, பருத்த திரி இட்டு, சுடர் மங்குந்தோறும் தூண்டி எரித்தனர். யவனர் எனப்பட்டோர் உரோம ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலிருந்து வந்த வணிகரும் கம்மியருமாவர். புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் நடத்திய அகழ்வாய்விலே, இத்தாலிய நாட்டுச் செந்நிற மட்கலங்களும் மதுச்சாடிகளும் கண்டெடுக்கப்பட்டமை இவ்வாணிகத்தை ஐயமற நிலைநாட்டியது.

விளக்கொளியிலே வெண்சாந்து பூசிய சுவர் ஒளிர்கின்றது. சுவரில் ஓவியக் கொடி படர்கின்றது. அங்கே வட்டமான பெருங்கட்டில். நாற்பதாண்டு நிரம்பி, போரிலே இறந்துபட்ட யானையின் தந்தங்களாலே செய்யப்பட்டது அது. அதன்மேல் அன்னத்தின் மெல்லிய தூவியால் ஆகிய படுக்கை. குளிரை வெல்லுதற்கு மனிதன் தேடக்கூடிய யாவும் அவ்வறையில் உள. சுவர் உண்டு; கதவு உண்டு; தீயும் ஒளியும் மணமும் மென்மையும் உண்டு. ஏவல் செய்வோரும் உண்டு. மனையக இன்பத்துக்கு இனி யாது குறை என வினவத் தோன்றும்.

அப்படுக்கையிலே அரசமாதேவி அமைதியின்றிக் கிடக்கின்றாள். முத்தாரம் அணிந்த மார்பிலே தாலி மட்டும் தொங்குகின்றது. பொற்றொடி கழன்ற கையிலே சங்கு வளையும் காப்பு நூலும் உள்ளன. பட்டாடைக்குப் பதிலாக ஒளி மங்கிய நூலாடை. தோழியர் அடிவருடுகின்றனர். நரை கலந்த கூந்தலையுடைய செவிலியர் சிறுகதையும் நெடுங்கதையும் மாறிமாறிச் சொல்லி, தலைவர் இப்பொழுதே வந்துவிடுவார் எனத் தேற்றுகின்றனர். அவள் மனம் கொள்ளவில்லை. மேற்கட்டியிலே தீட்டிய வான மண்டலத்தை நோக்குகின்றாள். அங்கே திங்களைப் பிரியாத உரோகிணி தீட்டப்பட்டிருக்கின்றாள். அதனைக் கண்டு பெருமூச்செறிகின்றாள். கண்ணில் நிரம்பிய நீரை விரலாலே வழித்தெறிகின்றாள். இத்துயர் தீருமாறு அரசன் விரைவில் வெற்றி பெறுக என்னும் வேண்டுதலோடு அரண்மனைக் காட்சி முடிகின்றது.

உடனே பாட்டு நம்மைப் பாசறைக்கு அழைத்துச் செல்கின்றது. அங்கே தாழிட்ட கதவும் இல்லை, தடவு நெருப்பும் இல்லை. வாடை வீசுந்தோறும் விளக்குகளின் பருத்த சுடர் தெற்கே சாய்கின்றது. சேணம் களையாத குதிரைகள் சேறுபட்ட தெருவிலே நின்று, தம்மேல் விழுந்த துளிகளை உதறுகின்றன. நள்ளிரவு. அரசன் உறங்கவில்லை. புண்பட்ட வீரர்களைக் காணப் புறப்படுகின்றான். படைத்தலைவன் முன்னே சென்று ஒவ்வொருவரையும் சுட்டிக் காட்டுகின்றான். அரசன் நழுவும் மேலாடையை இடக்கையால் அணைத்துக்கொண்டு, வாளேந்திய இளைஞன் ஒருவனின் தோளிலே மற்றொரு கையை வைத்து, வெண்கொற்றக் குடை துவலையைத் தடுக்க, சிலரோடு நடந்து திரிகின்றான். இக்காட்சியோடு பாட்டு நின்றுவிடுகின்றது. அவன் வெற்றியோடு மீண்டதையோ, அரசமாதேவி மகிழ்ந்ததையோ புலவர் கூறவில்லை.

இப்பாட்டின் பெயருக்கு உரையாசிரியர் கூறும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. தலைவனைப் பிரிந்த தலைவிக்கு ஒரு பொழுது பல ஊழியாக நீளுதலின் அது நெடிய வாடை. மனையின்பத்தை விடுத்துக் கடமையிலே நின்ற தலைவனுக்கு வெற்றி தருதலின் அது நல்ல வாடை. ஒரே காற்று மாடத்திலே நெடிதாகவும் பாசறையிலே நல்லதாகவும் வீசுகின்றது. பொருள்கள் நிறைந்த அறையிலே குளிர் நீங்கியது, துயர் நீங்கவில்லை. நனைந்த கூடாரத்தினிடையே குளிர் நீங்கவில்லை. ஆயினும் ஒருவன் தோளை மற்றொருவன் கை பற்றியிருந்தது. மனையக இன்பம் என்பது சுவராலும் தீயாலும் தொடங்குகின்றது. வெளியே குளிரில் நிற்பவரைப் பற்றிய கவலை அற்றபொழுதே அது நிறைவெய்துகின்றது. நெடுநல்வாடை உணர்த்தும் உண்மை இதுவே.

இவ்வுண்மையைப் பழம்புலவர் பிறிதோரிடத்தும் வற்புறுத்தினர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மயில் ஒன்று குளிரால் நடுங்குவதாக எண்ணி, தன் போர்வையை அதற்கு அளித்தவன். அவ்வள்ளன்மை பெரும்புகழ் பெற்றது. ஆயினும் அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறோர் ஊரிலே தங்கியிருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அதனைக் கண்டித்துப் பாடிய செய்யுட்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ளவை. பொன்னும் பொருளும் எமக்கு வேண்டா, இன்றிரவே நீ தேர்பூட்டி உன் மனைக்குச் செல்லுதலே யாம் வேண்டும் பரிசில் என்றார் ஒருவர். மழைத்துளி விழும் ஓசையைத் தனியே கேட்டுக்கொண்டு வீட்டின் ஒருபுறத்தே வருந்தி நின்ற கண்ணகியை நேரிலே கண்டதாகக் கூறினார் மற்றொருவர். பரிசிலையே நம்பி வாழ்ந்த இப்புலவர்கள் தமக்குரியதை விடுத்து ஒரு பெண்ணின் மழைநாளுக்காக வாதாடியமை, தமிழர் வரலாற்றிலே பெருமைக்குரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று. காட்டிலுள்ள மயிலின் குளிரை உணர்ந்தவன் தன் வீட்டின் குளிரை உணராதிருத்தல் தகாது என அவர்கள் கருதினர்.

இதுவரை கூறியன பெரும்பாலும் அரசர், செல்வர் மனைகள். வறியோர் மனையகம் எங்ஙனம் இருந்தது? அதனையும் சங்க நூல்கள் மறைக்கவில்லை. பெருந்தலைச் சாத்தனார், சமைத்தலையே மறந்த தம் வீட்டு அடுப்பிலே காளான் பூத்ததாகக் குமணனிடம் கூறினார். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிலே ஒரு கிணைப்பறை கொட்டுவோனின் வீடு காட்டப்படுகின்றது. கண் திறவாத குட்டிகள் பால் இல்லாத முலையைப் பற்ற, அதனைப் பொறாது தாய்நாய் குரைக்கின்றது. சுவரைச் செல் அரித்துள்ளது. சமையலறைப் புழுதியிலே காளான் முளைத்துள்ளது. பருவம் இன்னதென அங்குக் கூறப்படவில்லை. காளானே வீட்டின் ஈரத்தைக் காட்டிவிடுகின்றது. பசியால் இடை மெலிந்த இல்லாள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைக்கின்றாள். பிறர் பார்த்து இகழ்வரே என நாணிக் கதவை அடைக்கின்றாள். பின்னர் சுற்றத்தார் அனைவரும் ஒருங்கிருந்து அதனை உண்கின்றனர்.

மதுரை மாடத்திலும் கதவு அடைக்கப்பட்டது. இந்த வறிய மனையிலும் கதவு அடைக்கப்பட்டது. முன்னது வாடையை விலக்குதற்கு. பின்னது ஊரார் கண்ணை விலக்குதற்கு. வறுமையைப் புலவர் இன்பமெனப் புனையவில்லை. உப்பில்லாத கீரை உப்பில்லாத கீரையே. ஆயினும் அடைத்த கதவின் பின்னே நடந்ததை உற்று நோக்கின், ஒரு வேறுபாடு புலனாகும். யானைத் தந்தக் கட்டிலிலே ஒருத்தி தனித்திருந்தாள். காளான் முளைத்த அறையிலே ஒருவரும் தனித்திருக்கவில்லை. இருந்த சிறிதளவு கீரை எல்லோருக்கும் பங்கிடப்பட்டது. பரிசில் பெற்று மீண்ட பாணன் இந்த நிலையை நினைவுகூர்ந்து, இன்னொரு பாணனையும் அவ்வள்ளலிடம் வழிப்படுத்துகின்றான். தான் வெம்மை பெற்றபின் மற்றவனும் பெறவேண்டும் என்னும் எண்ணமே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகைக்கு உயிர்.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழருக்குக் கூதிர் என்னும் சொல் வழக்கிறந்து விட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையை மாரி என்கின்றனர். ஆனால் வாடை என்னும் சொல் இறக்கவில்லை. கடற்றொழிலாளர் தென்மேற்குக் காற்றைச் சோளகம் எனவும், வடகிழக்குக் காற்றை வாடை எனவும் வழங்குகின்றனர். அக்காற்றைக் கொண்டே கடலுக்குச் செல்லும் காலத்தையும் செல்லாத காலத்தையும் வரையறுக்கின்றனர். நக்கீரர் கையாண்ட சொல் புத்தகத்தில் மட்டுமன்றிக் கரையோர மக்களின் நாவிலும் வாழ்கின்றது.

வாடைக் காலத்து இரவிலே கதவைச் சாத்தி விளக்கேற்றி அமர்கின்ற குடும்பத்துக்கு வீட்டின் வெம்மை ஓர் எளிய பொருளாகத் தோன்றக்கூடும். ஓடு வனைந்தவனின் விரலும், அகில் சுமந்த மாலுமியின் தோளும், கூட்டு அரைத்த ஏவலாளின் கையும் அவ்வெம்மையை ஆக்கின என்பதைப் பழம்பாடல்கள் நினைவூட்டுகின்றன. மேட்டு நிலத்திலே கன்னம் நடுங்க நின்ற ஆயரைப் பாட்டின் தொடக்கத்திலும், துவலையிலே புண்பட்டுக் கிடந்த வீரரை அதன் முடிவிலும் வைத்து, மாடத்தை அவற்றின் இடையிலே அமைத்தார் நக்கீரர். உள்ளிருப்போர் வெளியிலிருப்போரை எண்ணுதல் வேண்டும் என்பதை அவர் எடுத்துரைக்கவில்லை. பாட்டின் அமைப்பினாலேயே உணர்த்திவிட்டார்.